மலையுச்சிக் கோபுரமும் லயத்துக் காம்பராவும்

இலங்கையின் மலைகளுள் மிக உயர்ந்தது பேதுருதாலகாலை. 2,524 மீற்றர் உயரமுள்ள அம்மலையின் உச்சியிலே ரூபவாஹினியின் அலைபரப்புக் கோபுரம் நிற்கின்றது. யப்பான் அரசின் நன்கொடையால் உருவாகி, 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் பணி தொடங்கிய ரூபவாஹினி, நாட்டின் பெரும்பகுதிக்குப் படத்தையும் ஒலியையும் அனுப்புவதற்குத் தெரிந்துகொண்ட இடம் அது. அம்மலையிலிருந்து தென்மேற்காக, நுவரெலியாவையும் நானுஓயாவையும் கடந்து தலவாக்கலை நோக்கி இறங்கும் வழியில் உள்ளது லிந்துலை. ஆகாய வழியே அளந்தாற் பதினைந்து கிலோமீற்றர் அளவே தூரம். எனினும் லிந்துலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் லயக் கூரைகளைப் பார்ப்பவர்க்கு, கட்டணத் தொலைக்காட்சிக்குரிய தட்டுகளே முதலிற் கண்ணிற் படும். இலவசமாய் வரும் அலையின் வாயிலிலே குடியிருக்கும் மக்கள், மாதந்தோறும் பணங்கட்டிப் படம் பார்க்க நேர்ந்தது எப்படி? அப்பணத்தை மிச்சம் பிடிக்க அவர்கள் கையாண்ட வழிகள் யாவை? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின் தொலைக்காட்சிக்கு வெகுகாலம் முன்னர் தொடங்க வேண்டும்.

வானொலி வருமுன்னரும் தோட்டத்திற்குச் செய்தி வந்தது. அது பாட்டாக வந்தது. சிறு பாட்டுப் புத்தகங்கள் கடைவீதியிற் சில சதங்களுக்கு விற்கப்பட்டன. எழுத்தறிந்த ஒருவர் வாங்கினார். லயத்தவர் அனைவரும் கேட்டனர். கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைத்த காலத்திலே, அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் துயரைப் பாட்டாகப் புனைந்து கூட்டங்களிற் பாடினார். அக்காலத்து வருவாயையும் கூறுதல் தகும். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1929இல், மலைநாட்டின் உயர்ந்த பகுதிகளில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் கூலியாக விதிக்கப்பட்டன. இத்தகைய கூலியில் ஒரு குடும்பம் தனக்கென்று ஒரு பாட்டுப் புத்தகம் வாங்குவதே ஆடம்பரம். ஒருவர் வாங்கப் பலர் கேட்கும் வழக்கம் வறுமையிற் பிறந்தது. ஆனால் வறுமையோடு நின்றுவிடவில்லை என்பதைப் பின்வரும் செய்திகள் காட்டும்.

இலங்கையில் வானொலியைத் தொடக்கியவர் தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வேட் ஹார்ப்பர். 1923இல் அவர் சோதனை ஒலிபரப்பை நடத்தினார். போரிற் கைப்பற்றிய ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டு அவர் ஒலிபரப்பியை அமைத்தார் என்று கூறுவதுண்டு. 1925 டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. உலகில் வானொலி தோன்றிய அந்நாட்களிலேயே, அதற்கு யார் பணங் கொடுப்பது என்ற கேள்வியும் உடன்பிறந்தது. பிரித்தானியாவில் 1922 நவம்பர் முதல் கேட்போர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குப் பத்துச் சிலிங் செலுத்தி அனுமதிப்பத்திரம் பெற வேண்டியிருந்தது. இந்தியாவிலே 1927இல் எழுந்த தனியார் ஒலிபரப்புக் கம்பனி, கேட்போர் கட்டும் பத்து ரூபா உரிமப் பணத்தைப் பெரிதும் நம்பியிருந்தது. பெட்டி வாங்க வசதியுள்ளோர் சிலரே. வாங்கியோருள்ளும் உரிமம் எடாதோர் பலர். மூன்று ஆண்டுகள் கழியுமுன் 1930இல் அக்கம்பனி மூடப்பட்டது. கட்டணத்தை ஏய்த்துக் கேட்கும் பழக்கம் நம் காலத்துப் புதுமை என்று எண்ணுவோர் இதனைக் கவனித்தல் நன்று.

இலங்கையிலும் வானொலிப் பெட்டிக்கும், பிற்காலத்திற் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் ஆண்டுக்கான உரிமப் பணம் அறவிடப்பட்டு வந்தது. இன்று அம்முறை வழக்கில் இல்லை. அது வழக்கில் இருந்த தொடக்க காலத்திலே தோட்டத்தில் வானொலி ஒலித்த இடங்கள், துரையின் பங்களா, உத்தியோகத்தர் விடுதி, கடைவீதியிலுள்ள கடை ஆகியவையே. கடைக்காரர் பெட்டியைச் சற்று உரக்க வைத்தால் அதுவே வியாபாரத்திற்கு அழைப்பு. ஒரு தேநீருக்குரிய சதங்களைக் கொடுத்துவிட்டு ஒரு மணிநேரம் பாட்டுக் கேட்டவர்கள், உரிமப் பணத்தையும் பெட்டியின் விலையையும் ஒருங்கே மிச்சம் பிடித்தவர்கள்.

1949 அக்டோபரில் இலங்கை வானொலி தனித் திணைக்களமாயிற்று. அடுத்த ஆண்டு வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. செலவை விளம்பரஞ் செய்வோர் ஏற்றனர். கேட்போருக்குப் பாட்டு இலவசம். 1952ஐ அடுத்து, அமைச்சர் பி.வி. கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்படப் பாடல்களை ஒதுக்கிவைக்கவே, தமிழ்நாட்டு மக்கள் இலங்கை அலைவரிசையை நாடினர். 1957இல் விவித பாரதி தோன்றிய பின்னரும் அந்தப் பற்றுக் குறையவில்லை. எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலைத் தமிழகத்துச் சிற்றூர்களும் அறிந்திருந்தன. இதே காலத்திலேதான் மலைநாட்டுத் தமிழரின் குடியுரிமை 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்களாற் பறிபோயிருந்தது. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. அவரைத் தெரிவு செய்த மக்களிற் பெரும்பாலோர் அடுத்த தேர்தலில் வாக்காளர் இடாப்பில் இல்லை. நாட்டின் பட்டியலில் இடமற்றோர்க்கும் நாட்டின் வானொலியில் இடமிருந்தது. கேட்பதற்குப் பிரசாவுரிமைச் சான்றிதழை எவரும் கேட்கவில்லை.

1960களிற் திரான்சிஸ்டர் வானொலி பரவியது. மின்சாரம் வேண்டாம், உலர் பற்றரி போதும். தீபாவளி முற்பணத்திலோ சீட்டுப் பணத்திலோ ஒரு பெட்டி வாங்கிய குடும்பத்துக்கு, அதன் பின் பற்றரிச் செலவே தலைவலி. ஓய்ந்துபோன பற்றரியை வெயிலில் வைத்து இன்னும் சில நாட் பாடவைக்கும் உபாயத்தை அறியாத வீடு அக்காலத்தில் அரிது. மழையும் பனியும் மிகுந்த மலைநாட்டில் அந்த வெயிலுக்கும் காத்திருக்க வேண்டும் என்பது வேறு கதை. செய்தி வேளை, நேயர் விருப்பம், நாடகம் என்று நேரங் குறித்துத் திறந்து, குறித்த நேரத்தில் மூடுவதே சிக்கனம். 1964 அக்டோபர் 30இற் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையொப்பமாகிக் குடும்பங்கள் கடலின் இரு கரைகளிலுமாகப் பிரிந்தபோது, அதே பெட்டிக்கு மற்றொரு பயன் உண்டாயிற்று. தமிழகத்திற் குடியேறியவர்களும் தோட்டத்தில் எஞ்சியவர்களும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைக் கேட்டனர். தபாற்செலவும் இல்லாத உறவு அது.

இனித் தொலைக்காட்சி. 1979 ஏப்ரல் 13ஆம் நாள் சுயாதீனத் தொலைக்காட்சி இலங்கையின் முதல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அவ்வாண்டு ஜூனில் அரசு அதனைப் பொறுப்பேற்றது. அதன் வீச்சு கொழும்பையும் சுற்றுப்புறத்தையுமே எட்டியது. மலைநாட்டிற்குப் படம் வந்தது 1982இல், பேதுருதாலகாலையிலிருந்துதான். 1977இன் பின் இறக்குமதி தளர்ந்தமையாலும், மத்திய கிழக்கிற்கு வேலைக்குச் சென்றோர் கொணர்ந்தமையாலும் தொலைக்காட்சிப் பெட்டிகள் நாட்டிற் பெருகின. ஆனால் லயத்திலே மின்சாரம் எங்கே?

இங்கே சற்று நின்று நோக்க வேண்டிய முரண் ஒன்றுண்டு. இலங்கையின் நீர்மின் வரலாறு லிந்துலையின் அயலிலே தொடங்குகின்றது. நானுஓயாவுக்கு அணித்தான பிளக்பூலில் 1912இல் டி.ஜே. விமலசுரேந்திர சிறு நீர்மின் நிலையமொன்றை அமைத்து நுவரெலியா நகருக்கு விளக்கேற்றினார். 1918இல் நாட்டின் நீர்வளத்தால் மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் சங்கத்தின் முன் ஆய்வுரை படித்தார். அவர் கனவு கண்ட லக்ஷபான நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. தேயிலைத் தொழிற்சாலைகளிற் பல, தத்தம் ஓடைகளில் நீர்ச்சுழலி பூட்டி இயந்திரத்தைச் சுழற்றின. கொழுந்தை வாட்டவும் அரைக்கவும் மின்சாரம் இருந்தது. கொழுந்தெடுப்பவர் இல்லத்தில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. உயர் அழுத்தக் கம்பிகள் தேயிலை மலைகளைக் கடந்து கொழும்பு நோக்கிச் சென்றன. லயங்களுக்கு மின்சாரம் வந்தது அதற்குப் பல பத்தாண்டுகள் கழிந்து, அதுவும் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டே. தலவாக்கலையிலே மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவாற்று மின்சாரத்தோடு 2012இல் நிறைவேறியபோதும், அந்த நீரைச் சுமந்து வரும் மலைகளில் வாழ்வோருக்கு மின்கட்டணத்தில் யாதொரு சலுகையும் அதனாற் கிடைத்துவிடவில்லை.

மின்சாரம் இல்லாத 1980களிலே தொலைக்காட்சி பார்த்தது எவ்வாறு? மோட்டார் வாகனத்தின் பற்றரியைக் கொண்டே. சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டி பன்னிரண்டு வோல்ற்றில் ஓடும். பற்றரி இறங்கினால் அதனைத் தோளிற் சுமந்து டவுனுக்குக் கொண்டுசென்று பணங்கொடுத்து ஏற்றிவர வேண்டும். ஏற்றிய பற்றரி சில நாள் மாலைப் பொழுதுகளுக்கே போதும். ஆகவே படத்திற்கு ஒரு விலை அப்போதே இருந்தது. அது சந்தா என்று அழைக்கப்படவில்லை, அவ்வளவே. இந்தச் செலவை லயத்தவர் பகிர்ந்துகொண்டனர். பெட்டி ஒருவருடையது, பற்றரி ஏற்றும் காசு பலருடையது, பார்ப்பவர் லயம் முழுவதும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் முப்பது பேர் அமர்ந்து பார்ப்பதெனின், கதவைத் திறந்து வைத்து வாசலிலும் ஆட்கள் நிற்க வேண்டியதுதான். வீட்டுக்காரி அடுப்பை மூட்டுவதற்கும் படம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். பெட்டி வைத்திருந்த குடும்பத்தின் பொறுமையை எந்தக் கணக்கில் எழுதுவது?

திருவிழாக் காலங்களில் வேறொரு முறை. வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, டவுனிலிருந்து தொலைக்காட்சியும் ‘டெக்’கும் மின்பிறப்பாக்கியும் வாடகைக்கு எடுத்துவந்து, மைதானத்திலோ கோயில் முன்றிலிலோ விடியவிடிய மூன்று நான்கு படங்கள் பார்ப்பர். தலைக்கு வீழ்ந்த செலவு, ஹட்டனுக்குப் பஸ் ஏறிச் சென்று தியேட்டரிற் படம் பார்ப்பதைவிட மிகக் குறைவு. கம்பளி போர்த்திய கிழவர்களும் மடியில் உறங்கும் பிள்ளைகளுமாக, பனியில் நடந்த இக்காட்சிகள் மலைநாட்டின் சமூக வரலாற்றில் எழுதப்படத் தக்கவை.

இதே ஆண்டுகளிற் கடலுக்கு அப்பால் நிகழ்ந்த ஒன்றை நேயர்களிற் சிலர் அறிந்திருப்பர். தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களுக்குச் சென்னைத் தூர்தர்ஷனின் அலை எட்டாத காலம் அது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதி மக்கள் உயர்ந்த கம்பங்களில் அன்ரெனா நாட்டி, பூஸ்ரர் பூட்டி, பேதுருதாலகாலையின் படத்தைப் பிடித்தனர். முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம், இடையிற் கடல். காற்றும் பருவமும் ஒத்துழைத்த நாட்களிற் படம் தெளிந்தது. மொழி புரியாவிடினும் கிரிக்கெட் புரிந்தது. 1950களில் ஒலியை இலவசமாகப் பெற்றவர்கள் 1980களில் ஒளியையும் அவ்வாறே பெற்றனர். இதற்கு மாறாக, கோபுரத்தின் அடிவாரத்திலே, மலைமுகடு மறைக்கும் பள்ளத்தாக்குகளில் அமைந்த லயங்களுக்கு அலை வரவில்லை. தொலைக்காட்சி அலை ஒளியைப் போல நேர்வழிச் செல்வது. தடுக்கும் மலைக்குப் பின்னால் அதற்கும் நிழல் உண்டு. அத்தகைய இடத்தவர் அன்ரெனாவை மேட்டில் நாட்டி, நூறு இருநூறு அடிக் கம்பி இழுத்து வீட்டிற்கு இறக்கினர். ஒரு முறை செலவு. பின்னர் ஆண்டுக்கணக்கிற் செலவில்லை. சிக்கனத்தின் நோக்கில் இதைவிடச் சிறந்த ஏற்பாடு பின்னர் வரவில்லை.

அவ்வாறாயின் மக்கள் ஏன் கட்டணத் தட்டை நாடினர்? பகட்டென்றும் நாடக மோகமென்றும் இதற்கு விடை கூறுவோர் உளர். அது அரைகுறை விடை. ரூபவாஹினியிலே தமிழுக்குக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. 1983 ஜூலையின் பின்னர், செய்தியை நம்புவதற்கும் தமிழ் மக்கள் வேறிடந் தேடினர். 1941 முதல் இலண்டனிலிருந்து ஒலித்த பிபிசி தமிழோசையும் மணிலாவிலிருந்து ஒலித்த வெரித்தாஸ் வானொலியும் லயத்துக் காம்பராக்களில் இரவு தோறும் தாழ்ந்த குரலிற் கேட்கப்பட்டன. சிற்றலை வானொலிக்கு மாதக் கட்டணம் இல்லை. தமிழோசையின் வானொலிச் சேவை 2017 ஏப்ரல் இறுதியில் ஓய்ந்தது. படத்திற்கோ, 1993 ஏப்ரலிற் சென்னையிற் தோன்றிய சன் தொலைக்காட்சி போன்ற செய்மதி அலைவரிசைகளே தமிழை நாள் முழுவதும் தந்தன. இலங்கையில் முழுநேரத் தமிழ் அலைவரிசையான சக்தி 1998இலும், அரசு சார்ந்த வசந்தம் 2009இலும் வந்தன. அதாவது, ரூபவாஹினி தோன்றிப் பதினாறு ஆண்டுகளின் பின்னரே இலவச அலையில் முழுநேரத் தமிழ் கிடைத்தது. அந்த இடைவெளியை விற்பனையாளர் நிரப்பினர். தன் மொழியைத் தன் வீட்டிற் கேட்பதற்கு ஒரு தொழிலாளி கொடுத்த விலையே அந்தச் சந்தா என்று கூறினும் மிகையாகாது.

2000களின் பிற்பகுதியிற் தொலைபேசி நிறுவனங்கள் இத்துறையில் இறங்கின. டயலொக் நிறுவனத்தின் செய்மதிச் சேவை தோட்டப்புறத்துக்கு வந்தது. தொலைபேசிக் கம்பி வழியே வரும் பியோ டிவி கம்பி எட்டிய டவுன்களோடு பெரும்பாலும் நின்றது. இவற்றோடு, இந்திய நிறுவனங்களின் பெட்டிகளும் இலங்கையில் உரிமம் இன்றியே விற்பனையாயின. மாதச் சந்தா குறைவு, தமிழ் அலைவரிசைகள் மிகுதி, ஆகவே விரும்பப்பட்டன. ஆனால் அட்டைக்குப் பணம் ஏற்றுபவர் இடைத்தரகர். நாணய மாற்று விகிதம் ஏறினால் அவர் கேட்கும் தொகையும் ஏறும். படம் நின்றுபோனால் முறையிட ஓர் அலுவலகம் இல்லை. உரிமமற்ற மலிவு எப்போதும் மலிவாக இருப்பதில்லை என்பதைப் பலர் பணம் இழந்தே அறிந்தனர்.

கணக்கை ஒருகால் வாய்விட்டுக் கூறிப் பார்ப்போம். மாதம் ஆயிரம் ரூபா சந்தா என்று வைத்துக்கொள்வோமாயின், ஆண்டுக்குப் பன்னீராயிரம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட 2021இல், அது பன்னிரண்டு நாள் உழைப்பு. சம்பளம் 1,350 ரூபாவான 2024இல் ஏறக்குறைய ஒன்பது நாள். மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேறிக் கொழுந்தெடுத்த ஒன்பது நாள்! பெட்டியின் முன் குடும்பத்தார் நாள்தோறும் அமர்வராயின் அது வீண் என்று கூற எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் பார்க்காத நூறு அலைவரிசைகளுக்குமாகச் சேர்த்தே அந்தப் பணம் போகின்றது என்பதையும் மறுப்பதற்கில்லை.

தமிழ்நாட்டில் இச்சிக்கலை அரசே தன் கையில் எடுத்தது. 2006 செப்டெம்பரில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள் பெட்டி பெற்றன. பெட்டி இலவசம், கேபிள் இலவசமன்று. கொடுத்த பெட்டியினாற் கேபிள்காரர்க்கே வாடிக்கை பெருகிற்று என்று எழுந்த குறைகூறல் காரணமற்றதன்று. 2007இல் நிறுவப்பட்டு உறங்கிக்கிடந்த தமிழ்நாடு அரசு கேபிள் நிறுவனம் 2011 செப்டெம்பரில் மீண்டும் எழுந்து, மாதம் 70 ரூபாவுக்கு இணைப்பு என்று அறிவித்தது. அதற்கு முன்னர் அதனினும் இருமடங்கு செலுத்தி வந்த வீடுகளுக்கு அது பெரும் ஆறுதல். இந்திய மத்திய அரசோ 2004 டிசம்பரிலேயே மாதச் சந்தா அற்ற செய்மதிச் சேவையைத் தொடங்கியிருந்தது. தட்டையும் பெட்டியையும் ஒருமுறை வாங்கினாற் போதும்.

இலங்கையில் அவ்வாறான அரசு முயற்சி எழவில்லை. மக்களே வழி கண்டனர். 2022இற் பொருளாதாரம் சரிந்து, மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டபோது, பணங்கட்டிய சந்தா இருட்டிற் கழிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் உயர்ந்தது. சம்பள நாளை அடுத்துப் பணம் ஏற்றி, தீர்ந்ததும் அடுத்த சம்பளம்வரை விட்டுவிடுதல். பிள்ளைகளின் பரீட்சை மாதங்களில் ஏற்றாதிருத்தல். அண்ணன் வீட்டில் தட்டு, தம்பி வீட்டிற் சாதாரண அன்ரெனா என்று பங்கிட்டு, நாடகத்திற்கு அங்கும் செய்திக்கு இங்குமாகச் செல்லுதல் ஆகிய முறைகள் லயத்திற்கு இயல்பாகவே வந்தன. சுவருக்கு அப்பால் அடுத்த வீடு. பத்தடி நடந்தால் அடுத்த படம். தனிவீடுகளில் வாழும் நகரத்தவர்க்கு இவ்வசதி வாய்ப்பதில்லை.

பழைய அன்ரெனாவையும் பலர் மீண்டும் கூரைமேல் ஏற்றினர். சக்தியும் வசந்தமும் ரூபவாஹினியின் நேத்ராவும் சந்தா இன்றி வருவன. மேட்டு லயங்களில் படம் தெளிவு. பள்ளத்தில் இன்றும் முன்போலவே கம்பி இழுக்க வேண்டும்.

இந்த இலவச அலைக்கும் ஒரு மாற்றம் காத்திருக்கின்றது. 2014இல் இலங்கை யப்பானிய முறையிலான எண்ணிமத் தொலைக்காட்சியைத் தெரிந்துகொண்டது. அது முழுமையாக நடைமுறைக்கு வருங்காற் பழைய அலைபரப்பு நிறுத்தப்படும். பழைய பெட்டி வைத்திருப்போர் மாற்றுக் கருவியொன்று வாங்க வேண்டிவரும். பிரித்தானியாவில் 2008 முதல் 2012 வரை இம்மாற்றம் நிகழ்ந்தபோது, எழுபத்தைந்து வயதைக் கடந்தோர்க்கும் உடற்குறையுள்ளோர்க்கும் கருவியும் அதனைப் பூட்டித் தரும் உதவியும் உரிமப் பணத்திலிருந்தே வழங்கப்பட்டன. லிந்துலைத் தோட்டமொன்றில், ஓய்வூதியமின்றி, மகன் வாங்கிக் கொடுத்த பழைய பெட்டியிற் செய்தி பார்க்கும் முதியவளுக்கு அக்கருவி எவ்வாறு கிடைக்கும் என்பதை, அலை நிற்குமுன்னர் தீர்மானிக்க வேண்டும். நின்றபின் தீர்மானித்தால் அவள் மீண்டும் கடைவீதி வானொலியிடமே செல்ல நேரும்.